பக்கெட்டும் ஒன்பது குமிழியும்

பக்கெட்டைப் போல ஒரு குழப்பவாதியைத் திருவனந்தபுரம் இதற்கு முன் கண்டதில்லை, இனிமேல் காணப்போவதும் இல்லை. எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடத்தை அடித்துச் சொல்வேன். பக்கெட் என்றதும் நீங்கள் குளியலறையைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். நான் சொல்லும் பக்கெட்டுக்கு இருபத்துமூன்று வயது. ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். எஞ்சினியரிங் முடித்துவிட்டு, வேலைக்கான கடிதம் வரும்வரை என்று சொல்லி, கரமனையில் எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தவன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. வாடகைப் பத்திரத்தில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவன் போகிற இடமெல்லாம் கூடவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டும் போகும். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

குடிவந்த மூன்றாம் நாள் காலை, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. "ஏன்னா, அந்தப் பையனை மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கோ" என்று மனைவி விரட்ட, நான் மேலே போனேன். கதவு திறந்திருந்தது. பையன் முழங்காலிட்டு, கழுத்து வரைக்கும் தலையைப் பக்கெட்டுக்குள் விட்டிருந்தான். அசைவில்லை. வாடகைக்கு விட்டு மூன்றே நாளில் போலீஸ் வந்தால் தெருவில் என்ன பேசுவார்கள்?

"எடோ! எந்தாடோ இது?" என்று கத்தினேன்.

தலை வெளியே வந்தது. மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, "குட் மார்னிங், சாமி" என்றான். எங்கள் அக்கிரகாரத்தில் பிறந்த ஆண்பிள்ளை எவனும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சாமிதான். கோபம் வந்தாலும் சாமி, மீன் மார்க்கெட்டில் வழிவிடச் சொன்னாலும் சாமி.

"என்ன பண்ணிண்டிருக்கே?"

"பேர் சொல்லிட்டிருந்தேன், சாமி."

"யார்கிட்ட?"

"வெள்ளத்துக்கிட்ட."

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். மோட்டார் நினைவே இல்லை. "நிறுத்தினேளா?" என்றாள் மனைவி. "அவன் பேர் சொல்லிண்டிருக்கான்" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. பக்கெட்டும் கல்லூரிச் சிநேகிதர்கள் நாலைந்து பேரும் சேர்ந்து, ஆற்றோரம் லைன் வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு இலவசமாக நீச்சல் கற்றுக்கொடுக்கக் கிளம்பியிருந்தார்கள். வேலை தேடித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஜனங்கள். ஓட்டல் சமையல்கட்டு, கட்டட வேலை, வீட்டு வேலை என்று பிழைக்கிறவர்கள். ஆறு பின்வாசலிலேயே ஓடுகிறது. நீந்தத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஊருக்குள்ளே ஒரு சங்கத்துக்குச் சொந்தமான நீச்சல்குளத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் கெஞ்சி வாங்கியிருந்தான். ஆனால் குளத்தைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு வாரம் பக்கெட்டில் தேற வேண்டும் என்பது அவன் சட்டம். முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டால், எழுத்துக்கு ஒரு குமிழி வரும். குமிழியைக் கேட்டே பெயர் கண்டுபிடிப்பேன் என்று அவன் பீற்றிக்கொள்வான்.

குளத்துத் தண்ணீரின் மருந்து வாடை பழக வேண்டுமென்று, அங்கிருந்தே ஒரு பக்கெட் தண்ணீரை அரசு பஸ்ஸில் கொண்டுவந்தான் என்றால் நம்புவீர்களா? தம்பானூர் வரும்போது பாதிப் பயணிகள் முழங்காலுக்குக் கீழே நனைந்துவிட்டார்கள். "மீனாணோ உள்ளே?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். "அல்ல சேட்டா, வெறும் வெள்ளம்" என்றானாம் இவன். கண்டக்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அது யாருக்கு, தண்ணீருக்கா பக்கெட்டுக்கா என்பது இன்று வரை விளங்கவில்லை.

லைன் வீடுகளில் அவன் முதல் நாள் செய்த காரியம் இன்னும் மோசம். தமிழை அவன் முழுக்க முழுக்கச் சினிமாவில் படித்தவன். தெரியாத இடத்தில் மலையாளத்தை எடுத்துத் தமிழ் வாலை ஒட்டிவிடுவான். தெரு முனையில் பக்கெட்டோடு நின்று, மார்பைத் தட்டி, "தாய்மார்களே! எல்லாரும் சீக்கிரம் வாங்க! வெள்ளம் வந்தாச்சு!" என்று முழங்கினான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். அந்த ஜனங்களுக்கோ ஒவ்வொரு மழைக்காலமும் ஆறு வீட்டுக்குள் வந்து கட்டிலைத் தூக்கிப் போகிற அனுபவம். ஐந்தே நிமிஷத்தில் அரிசி மூட்டை பரணுக்கு ஏறியது, கேஸ் சிலிண்டர் ரோட்டுக்கு வந்தது, ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். வானத்திலோ ஒரு பொட்டு மேகம் இல்லை.

அன்று மாலை பக்கெட் சட்டைப் பித்தான் இரண்டு பிய்ந்த நிலையில் என் முன் வந்து நின்றான்.

"சாமிக்குத் தமிழ் நல்லா அறியாமோ?"

தமிழ் நன்றாகத் தெரியுமா என்கிறான்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஐந்து தலைமுறையாக வீட்டுக்குள்ளே தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம் என்று வாழ்கிற குடும்பம். ஆபீசில் இரண்டு பாஷையிலும் கோப்பு எழுதுகிறவன். என்னைப் பார்த்தா? "நானே வந்து மொழிபெயர்க்கறேன், பார்த்துக்கோ" என்று வாய் விட்டுவிட்டேன்.

உள்ளேயிருந்து மனைவி சிரித்தாள். "ஆத்தங்கரையிலே பொறந்து அம்பத்திரண்டு வயசாச்சு. இன்னிக்கும் படியிலே நின்னு சொம்பாலே மொண்டு குளிக்கற மனுஷன், நீச்சல் கிளாசுக்குப் போறாராம்!"

அது உண்மைதான். வெளியே சொல்ல வெட்கம்.

மொழிபெயர்ப்பாளரும் பக்கெட்டில் தேறித்தான் ஆக வேண்டும் என்றான் பாவி. "பிடிச்ச பேர் ஏதாவது சொல்லுங்க, சாமி." எனக்குப் பிடித்த பெயர் என்னுடையதுதானே? கண்ணாடியைக் கழற்ற மறந்து முகத்தை விட்டு, 'வெங்கடசுப்பிரமணியன்' என்று ஒருவழியாகச் சொல்லி முடித்து, மூச்சு முட்டி, மூக்கால் தண்ணீர் குடித்து எழுந்தேன். "ஒன்பது குமிழி! இது ரிக்கார்டு!" என்று கைதட்டினான். நான் பயிற்சியில் சேர்ந்தது அப்படித்தான்.

லைன் வீடுகளில் பெரியவர்கள் பதினாலு பேர் சேர்ந்தார்கள். குழந்தைகளுக்கு முன் தாய் தகப்பன் கற்க வேண்டும் என்பதில் பக்கெட் ஒரே பிடி. அவர்களில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி. முப்பது வயதிருக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டதும் இரண்டே குமிழி வந்தது. பக்கெட் குனிந்து கேட்டு, "செல்வி" என்றான். அது அவள் மகள் பெயர், ஏழு வயது. பக்கத்திலேயே பல் விழுந்த வாயோடு நின்றுகொண்டிருந்தது.

பெயர் சரியாக வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். இசக்கியம்மாள் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் சும்மா இருக்காமல், "என்னம்மா?" என்றேன்.

"போன வருசம் இவ படித்துறையில வழுக்கி ஆத்துக்குள்ள போய்ட்டா, சார். நான் துணி தொவைச்சிக்கிட்டு இருக்கேன். கையில சோப்புத் துணி. அப்படியே நின்னேன். பெத்தவ நான் நிக்கேன், ரோட்டுல போன லாட்டரிக்காரரு குதிக்காரு. அவருதான் தூக்கிக் குடுத்தாரு. இன்னைக்கும் கண்ண மூடுனா நான் நின்னுக்கிட்டேதான் இருக்கேன். எனக்கு இது எப்படியாவது வரணும், சார்."

பக்கெட்டுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் அவன் அவள் முன் குந்தி உட்கார்ந்து, "பேடிக்கண்டா, அக்கா" என்றான். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து இசக்கியம்மாளின் புருஷன் வேலை முடிந்து உள்ளே வந்தான். அவன் காதில் விழுந்தது 'பேடி' மட்டும். "ஏலே, யாரப் பாத்துடா பேடிங்க?" என்று சட்டைக் கையை மடக்கினான். நடுவில் நான் விழுந்து, இரண்டு பாஷையிலும் விளக்கி, அவன் கையை இறக்குவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

குளத்தில் முதல் இரண்டு ஞாயிறும் இதே கூத்துத்தான். மூச்சை உள்ளே இழுக்க வேண்டும் என்பதற்குப் பக்கெட், "வலிக்க்! வலிக்க்!" என்று கத்துவான். "இல்ல தம்பி, வலிக்கல்ல" என்று இசக்கியம்மாள் பொறுமையாகப் பதில் சொல்வாள். மிதப்பதற்கு மலையாளத்தில் பொங்குவது என்று சொல்வார்கள். "அக்கா, பொங்கினீங்களா?" என்று மறுகரையிலிருந்து கேட்டால், "காலையிலயே பொங்கிட்டேன், தம்பி. கொழம்பு மட்டும் போய் வைக்கணும்" என்று இங்கிருந்து பதில் போகும். அவனுக்கு ஆனந்தம். காலையிலேயே மிதந்துவிட்டாளாம்! சிநேகிதர்களிடம் போய் அப்படியே சொல்லியிருக்கிறான். நான் யாரைத் திருத்துவது, எதைத் திருத்துவது? என் தலையே பொங்கியது.

மூன்றாம் ஞாயிறு நான் டீ குடிக்க வெளியே போனேன். பத்தே நிமிஷம். திரும்பி வந்தால், பதினாலு பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. வெறும் சிரிப்பு.

"என்னம்மா ஆச்சு எல்லாருக்கும்?"

சிரிப்புக் கலையாமல் பல்லிடுக்கில் இசக்கியம்மாள் சொன்னாள்: "தம்பிதான் சார் மலர்ந்து கெடக்கச் சொன்னாரு. முகத்த மலர்த்திக்கிட்டு நிக்கோம்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மலையாளத்தில் மலர்ந்து கிடப்பது என்றால் மல்லாந்து படுப்பது. பக்கெட் அதை அப்படியே தமிழாக்கி, "முகத்தை மேலே வச்சு மலர்ந்து கிடங்க" என்று சொல்லியிருக்கிறான். இவர்கள் முகத்தை மலர்த்திவிட்டார்கள். சிரித்த முகத்தோடு நின்றவர்களை அவனுடைய சிநேகிதப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் சாய்த்துத் தாங்கியிருக்கிறார்கள். கையை எடுத்தபோது இரண்டு மூன்று பேர் நாலைந்து நொடி மிதக்கக்கூடச் செய்தார்களாம். அதை என்னிடம் சொன்னபோது நான் காதில் வாங்கவே இல்லை. பிழை கண்ட இடத்தில் சிவப்பு மையைத் திறக்காவிட்டால் நான் என்ன ஆபீசர்?

"அது சிரிக்கிறதில்லை அம்மா. மல்லாந்து படுக்கணும். மல்லாந்து!" என்று கரையில் நின்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாடம் எடுத்தேன்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒருவர்கூட மிதக்கவில்லை. கழுத்து விறைத்து, கால் விறைத்து, கல்லைப் போட்டதுபோல் உள்ளே போனார்கள். "மல்லாந்து கெடக்கதுக்கு நான் என்ன பொணமா சார்?" என்று ஒருத்தர் முறைத்தார். இரண்டு ஞாயிறு இப்படியே போயிற்று. பக்கெட் ஒன்றும் புரியாமல் தன் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். எனக்கும் புரியவில்லை. என் மொழிபெயர்ப்பு சரியாகத்தானே இருக்கிறது?

ஐந்தாம் ஞாயிறு முடிவில் குளத்து செக்ரட்டரி வந்தார். கழுத்தில் விசில் தொங்கும், சிரித்துப் பழக்கமில்லாத மனிதர். ஒரு மாதமாகக் கூச்சல்தான் கேட்கிறது, நீந்துகிறவனைக் காணோம் என்று அங்கத்தினர்கள் புகார் செய்கிறார்களாம். வருகிற ஞாயிறு தானே நேரில் நின்று பார்ப்பாராம். பெரியவர்களில் யாராவது ஒருவர், எதையும் பிடிக்காமல் ஒரு நிமிஷம் மிதந்து காட்டினால் வகுப்பு தொடரலாம்.

"இல்லெங்கிலோ சாரே?" என்று கேட்டான் பக்கெட்.

"இல்லெங்கில் நிறுத்தும்" என்றார்.

நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இசக்கியம்மாள் ஈரப் புடவையோடு கரையில் வந்து நின்று, "நான் மெதக்கேன் சார்" என்றாள். இதை விட்டால் அவளுக்கு இன்னொரு குளம் எங்கே கிடைக்கும்? அடுத்த மழைக்கும் அதே படித்துறை, அதே சோப்புத் துணி.

அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு காலை செக்ரட்டரி கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செல்வி கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இசக்கியம்மாள் இறங்கினாள். பக்கெட் அவளைச் சாய்த்துக் கையை எடுத்தான். உள்ளே போனாள். இருமி எழுந்தாள். மறுபடியும் சாய்த்தான். மறுபடியும் உள்ளே போனாள். மூன்றாம் தடவை எழுந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. தண்ணீரா அழுகையா தெரியவில்லை.

"மல்லாந்து, இசக்கியம்மா! நல்லா மல்லாந்து!" என்று நான் கத்தக் கத்த அவள் இன்னும் விறைத்தாள். பக்கெட்டுக்குப் பதற்றத்தில் சினிமாத் தமிழ் மொத்தமும் மறந்துவிட்டது. "அக்கா, மலர்ன்னு கிடக்கு! மலர்ன்னு!" என்று அலறினான். அந்தச் சொல் காதில் பட்டதும் அவள் உதடு தன்னை அறியாமல் ஒரு கணம் விரிந்தது. தோளும் கொஞ்சம் தணிந்தது. உடனே என் பக்கம் பார்த்தாள். நான் திருத்திய சிரிப்பாயிற்றே! பட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. அட கடவுளே, கெடுத்தவன் நான்! தப்பான அர்த்தத்தில் மிதந்துகொண்டிருந்த ஜனங்களைச் சரியான அர்த்தத்தில் மூழ்கடித்திருக்கிறேன். சிரித்தபோது கழுத்து இளகியது, கழுத்து இளகியபோது உடம்பு மிதந்தது. இலக்கணம் பேசி அத்தனையையும் விறைக்க வைத்துவிட்டேன்.

"இசக்கியம்மா! நான் சொன்னது தப்பு! தம்பி சொன்னதுதான் சரி. முகம் மலர்ந்து கிடங்க! சிரிங்க!"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "சிரிப்பு வரல்லியே, சார்."

நியாயந்தானே? ஒரு நிமிஷத்தில் வகுப்பே போகப் போகிறது, இந்த மனுஷன் சிரி என்கிறான். செக்ரட்டரி கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். என் காலடியில் பக்கெட்டின் சிவப்பு பக்கெட் நிறையத் தண்ணீரோடு இருந்தது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலிட்டு, கண்ணாடியோடு, நெற்றி விபூதியோடு தலையை அதற்குள் விட்டேன். வெங்கடசுப்பிரமணியன் என்று என் பெயரை முழுசாகச் சொல்லப் பார்த்தேன். ஆறாவது குமிழியிலேயே மூச்சு தீர்ந்து, பக்கெட்டோடு எழுந்து, காது வரை மாட்டிக்கொண்ட அதைக் கழற்ற முடியாமல் கரையில் இரண்டு சுற்று சுற்றினேன்.

பக்கெட்டுக்குள் இருந்தபடியே கேட்டேன். முதலில் செல்வியின் சிரிப்பு. அப்புறம் இன்னொரு சிரிப்பு. அது இசக்கியம்மாளுடையது. தண்ணீரில் சாய்ந்தபடி, வயிறு குலுங்க, "ஐயோ சாரே" என்று சிரிக்கிற சிரிப்பு. நான் தலையைப் பிடுங்கி எடுத்தபோது அவள் குளத்தின் நடுவில் மலர்ந்து கிடந்தாள். இரண்டு அர்த்தத்திலும்தான். பக்கெட்டின் இரண்டு கையும் ஆகாயத்தில் இருந்தது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை.

"எம்மா மெதக்கா!" என்று செல்வி வீறிட்டாள்.

செக்ரட்டரி ஒரு நிமிஷத்துக்கு மேலேயும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விசிலை ஊதினார். அடுத்த ஞாயிறும் வரலாம் என்பதற்கு அவருக்குத் தெரிந்த பாஷை அது. பக்கெட் கரையேறி வந்து, என் கையிலிருந்த பக்கெட்டை வாங்கி, தன் தலையை அதில் கவிழ்த்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டான். தோள் மட்டும் குலுங்கியது. அழுகையா, மூச்சுப் பயிற்சியா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இசக்கியம்மாள் மேலே வந்து, மகளை இழுத்து ஈரத்தோடு அணைத்துக்கொண்டாள். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "இனிமே நான் நிக்க மாட்டேன், சார்."

அவள் நிற்கவும் இல்லை. அடுத்த நாலு மாதத்தில் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய் வருகிற அளவுக்குத் தேறிவிட்டாள். இப்போது புதிதாக வருகிற பெண்களை அவள்தான் பின்னால் சாய்த்துத் தாங்குகிறாள். "மலர்ந்து கெடங்கக்கா, மலர்ந்து" என்பதுதான் அங்கே நிலைத்துவிட்ட பாடம். யாரும் அதைத் திருத்தக் கூடாது. திருத்த வருகிறவன் முதலில் என்னிடம் வரட்டும்.

பக்கெட்டுக்கு வேலைக் கடிதம் வந்தது. பெங்களூர். போகிற அன்று சிவப்பு பக்கெட்டை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனான். "இதை வச்சு மாடிப்படி துடைக்கலாம்" என்றாள் மனைவி. தொடக்கூடாது என்று நான் போட்ட சத்தத்தில் அவளே பயந்துவிட்டாள். ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து தினம் காலையில் அதில் முகத்தை விட்டுப் பழகுகிறேன். ஞாயிற்றுக்கிழமை குளத்தில் ஆழமில்லாத பக்கம் எனக்கும் ஓர் இடம் உண்டு. அம்பத்திரண்டு வயதில் கம்பியை விட்டுவிட்டேன் என்பதை இங்கே அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் லீவில் வந்திருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் பின்கட்டுக்கு வந்து நின்றிருக்கிறான். நான் பக்கெட்டுக்குள் இருந்தேன். தலையைத் தூக்கிக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், ஆறடி இரண்டு அங்குலம் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது.

"சாமி, யாரோட பேர் சொன்னீங்க?"

"யாரோடதுன்னா? என்னோடதுதான்."

"சாமியோட பேருக்கு ஒன்பது குமிழி வேணுமே. இது ரெண்டுதானே வந்தது? எல்லாரும் என்னைக் கூப்பிடுற பேருக்குத்தானே ரெண்டு?" என்றான். அவன் முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது.

"உன் காதிலே தண்ணி போயிருக்கும். போடா, உள்ளே போய்க் காப்பி குடி" என்று சொல்லிவிட்டு நான் மறுபடியும் தலையைப் பக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.